தூக்கத்தில் பேசியவர்

மலையடிவார மடத்தில் அந்த வருடம் மௌன விரதம் வைத்தார்கள். பன்னிரண்டு பேர், நாற்பத்தெட்டு நாள். குருவுக்கு வெளியூர் போக வேண்டி வந்ததால் சீடர் ஏகாம்பரத்திடம் பொறுப்பை விட்டுப் போனார். பொறுப்பாளி என்பதால் அவருக்கு மட்டும் விரதம் இல்லை. ஏகாம்பரம் குருவைவிட இருபது வயது மூத்தவர், பஸ் டெப்போவில் முப்பது வருடம் டைம் கீப்பராக இருந்தவர். கேட்கவா வேண்டும்!

முதல் வாரமே ஒருவர் சாப்பாட்டில் உப்பு கேட்டார். இன்னொருவர் கிரிக்கெட் ஸ்கோர் கேட்டார். ஏகாம்பரத்துக்குக் கோபம் வந்துவிட்டது. பலகையில் எழுதி மாட்டினார்: 'யாராக இருந்தாலும், என்ன காரணமாக இருந்தாலும், இனி ஒரு வார்த்தை பேசினால் அன்றே வெளியேற வேண்டும்.'

குரு திரும்பி வந்தபோது ஒருவர் குறைந்திருந்தார். அந்த மதிய வெயிலில் மற்றவர்கள் யாரும் கண்ணயரவில்லை. இரண்டு பேர் துண்டால் வாயைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தார்கள்.

குரு ஏகாம்பரத்தைத் தனியாக அழைத்துப் போனார்.

"வேலுச்சாமி எங்கே?"

"அனுப்பிட்டேன் சாமி. பேசிட்டார்."

"எப்போ?"

"நேத்து மத்தியானம். தூக்கத்துல."

குரு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கும் மனசு கேக்கலை சாமி. மனுஷன் அழுதுட்டார். தூங்கிட்டேன், எனக்குத் தெரியாதுன்னு கையைக் காட்டிக் காட்டிச் சொல்றார். பையைத் தூக்கிட்டுக் கிளம்புறப்போகூட வாயைத் திறக்கலை. ஆனா ஒருத்தரை விட்டா நாளைக்கு எல்லாருமே தூக்கம்னு சொல்லுவாங்க. விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதானே சாமி?"

"இப்ப எங்கே இருக்கார்?"

"வீட்டுல இருப்பார்."

வேலுச்சாமியின் வீட்டில் வேறு யாரும் இல்லை. மனைவி செண்பகம் இறந்து எட்டு மாதமாகிறது. அந்த வீட்டில் ஒற்றை ஆளாக இருக்கப் பயந்துதான் மடத்துக்கே வந்தார், பாவம். அது ஏகாம்பரத்துக்கும் தெரியும்.

"தூக்கத்துல என்ன பேசினார்?"

"'செண்பகம், கொஞ்சம் தண்ணி கொடு'ன்னார்."

"ஒரு தடவையா?"

"மூணு தடவை சாமி. மணி ரெண்டு பத்து. நான் பக்கத்துலயேதான் நின்னேன். தெளிவாக் கேட்டுது."

"தண்ணி கொடுத்தீங்களா?" என்று கேட்டார் குரு.