கொம்பையன் ஆவி பிடித்த கதை

ஒரு காட்டில், பிள்ளைகளே, எல்லாருக்கும் வைத்தியம் தெரியும். நோயாளிக்குத்தான் பஞ்சம். யாராவது ஒரு தும்மல் போட்டால் போதும், கிளையில் நாலு பேர், புதரில் ஆறு பேர் என்று வைத்தியர்கள் கூடிவிடுவார்கள்.

அந்த ஐப்பசி மழையில் தும்மியவன் கொம்பையன் என்னும் காட்டுப்பன்றி. நல்ல உடம்பு, நல்ல தைரியம். புத்திகூட ஓரளவு இருந்தது. ஆனால் யாரிடமும் எதையும் கேட்கமாட்டான். கேட்டால் தனக்குத் தெரியாது என்பது காட்டுக்கே தெரிந்துவிடுமாம். யார் எதைச் சொல்ல ஆரம்பித்தாலும் பாதியிலேயே "தெரியும், தெரியும்" என்று தலையை ஆட்டிவிடுவான்.

சளி மற்றவர்களுக்கு ஒரு தொந்தரவு, அவ்வளவுதான். பன்றிக்கு அது பட்டினி. மண்ணுக்கு அடியில் வள்ளிக்கிழங்கு எங்கே கிடக்கிறது என்று பன்றிக்குச் சொல்வது மூக்குதானே. அது அடைத்துக்கொண்டு மூன்று நாள் ஆயிற்று. கொம்பையன் முப்பது இடத்தில் தோண்டினான். கிடைத்தது முப்பது குழி. வயிறு முதுகோடு ஒட்டிக்கொண்டது. இன்னும் இரண்டு நாள் இப்படிப் போனால் எழுந்து நிற்கக்கூடத் தெம்பு இருக்காது என்று அவனுக்கே புரிந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லையே தவிர, உள்ளுக்குள் பயந்துபோய்த்தான் இருந்தான்.

"தலைக்குக் குளிச்சிருப்பே. அதான்," என்றது காட்டெருமை.

"நான் அப்பவே சொன்னேன், யார் கேக்கிறா," என்றது காகம். அது எதுவும் சொல்லியிருக்கவில்லை.

"நாலு மிளகு போடு, சரியாயிடும்," என்றது கிளி.

"தெரியுப், தெரியுப்," என்றான் கொம்பையன். மூக்கடைப்பில் அவனுக்கு 'ம்' வரவில்லை.

எங்கே போடுவது என்று கேட்டானா? கேட்கவில்லை. நாலையும் மூக்கில் போட்டுக்கொண்டான். அதன்பிறகு அவன் தும்மிய தும்மலில் கிளி அடுத்த மரத்துக்குக் குடிபோய்விட்டது.

கடைசியில் மந்தியிடம் போனான். மந்தி பதினோரு குட்டிகளுக்குச் சளி பார்த்த குரங்கு. அந்தக் காட்டில் உண்மையிலேயே விஷயம் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். வாய்தான் கொஞ்சம் வேகம்.

"வாடா மூக்கொழுகி. இதுக்குப் போய் மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கிட்டு நிக்கிறே? நொச்சி இலையைப் போட்டு ஆவி பிடி. தலையோட நல்லா மூடிக்கோ. கண்ணைத் திறக்காதே, எரியும். வேர்த்துக் கொட்டுற வரைக்கும் விடக்கூடாது. அதுக்கு நீ போகவேண்டிய இடம் எதுன்னா..."

"தெரியுப் அக்கா, தெரியுப்," என்று கிளம்பிவிட்டான்.

மந்தி சொல்ல வந்த இடம், கரட்டுக் குன்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் வெந்நீர் ஊற்று. கொம்பையனுக்குத் தெரிந்த ஆவியோ ஒன்றே ஒன்றுதான்: செத்த பிறகும் போகமாட்டேன் என்று புளியமரத்தில் தொங்கிக்கொண்டிருக்குமே, அந்த ஆவி. அதைப் போய்ப் பிடிப்பதா? பேயா, பட்டினியா என்று நின்று யோசித்துப் பார்த்தான். பேயே பரவாயில்லை என்று பட்டது.

நொச்சிக்கொத்தையும் தேக்கிலைகளையும் முதுகில் போட்டுக்கொண்டு, மழை விட்ட உச்சிப்பொழுதில் புளியமரம் புளியமரமாகப் போய் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

இதை ஒரு நரி பார்த்தது. சிறுத்தை தின்று மிச்சம் வைப்பதைத் தின்றே உடம்பு வளர்த்த நரி. சிறுத்தைக்குக் காலில் முள் தைத்து இரண்டு நாளாக வேட்டை இல்லை. அதனால் நரிக்கும் மிச்சம் இல்லை.

"என்னண்ணே, மரத்துல எதைத் தேடுறீங்க?"

"ஆவி பிடிக்க வந்தேன்," என்றான் கொம்பையன், தினமும் நாலு பிடிப்பவன் தோரணையில்.

நரிக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. இருமுவது போல் இருமி அடக்கிக்கொண்டது.

"சரியான வைத்தியம் அண்ணே. ஆனா மழைக்காலத்துல ஆவி மரத்துல இருக்காதே. குகையில ஒதுங்கிக்கும். உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியுப்."

"உடம்பெல்லாம் புள்ளி புள்ளியா இருக்கும். உறுமும். சிறுத்தைன்னே நினைச்சிருவீங்க. எல்லாம் வேஷம்."

"அதுவுப் தெரியுப்."

அந்தக் குகையில் குடியிருந்தது யார் என்று நான் உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. மூக்கு மட்டும் சரியாக இருந்திருந்தால், கொம்பையன் நூறு அடி தள்ளியே திரும்பி ஓடியிருப்பான். சிறுத்தையின் வாடை அப்படி. மூக்குதான் கைவிட்டுவிட்டதே, பாவி நேராக நடந்து போனான்.

குகை வாசலில் நொச்சியையும் தேக்கிலையையும் தலையோடு இழுத்துப் போர்த்திக்கொண்டான். கண்ணை இறுக்கி மூடினான். நரி முன்னால் நடந்தது. உள்ளே இருட்டில், நரி ஏதோ இரை கொண்டுவருகிறது என்று மட்டும் தெரிந்து, சிறுத்தை நாக்கைச் சுழற்றிக்கொண்டு காத்திருந்தது.

"இப்படி வாங்கண்ணே. இன்னும் ரெண்டு அடி. இதோ, உங்க மூஞ்சிக்கு நேரா இருக்கு. பிடிங்க," என்று சொல்லிக்கொண்டே நரி ஒதுங்கப் பார்த்தது.

எதையும் பாதிவரைக்கும்தான் கேட்பவன் அல்லவா? நரி சொல்லி முடிப்பதற்குள் பாய்ந்து கவ்விவிட்டான். வாயில் அகப்பட்டது நரியின் வால்.

"ஐயோ அண்ணே, நான்தான். விடுங்க."

ஆவி அப்படித்தான் நைசாகப் பேசும் என்று கொம்பையன் பல்லை இன்னும் இறுக்கினான். நரி வலி பொறுக்காமல் குகைக்குள் சுற்றிச் சுற்றி ஓடியது. அவனும் வாலை விடாமல் பின்னாலேயே ஓடினான்.

"என்னடா நடக்குது?" என்றது சிறுத்தை.

"எசமான், என்னை ஆவின்னு பிடிச்சிருக்கு," என்று நரி அலறியது.

அந்த அமர்க்களத்தில் சிறுத்தை காதில் முழுசாகவா விழும்? 'என்னை ஆவி பிடிச்சிருக்கு' என்றுதான் விழுந்தது. நொச்சி நெடியில் பன்றி வாடையும் தெரியவில்லை. பார்த்தால், தலை இல்லாமல், கழுத்து வரைக்கும் இலை முளைத்த ஏதோ ஒன்று நரியைப் பிடித்துக்கொண்டு ஆடுகிறது. மனசுக்குள் குலதெய்வத்தைக் கூப்பிட்டபடி சிறுத்தை பாறையோடு ஒண்டிக்கொண்டது.

பத்துப் பன்னிரண்டு சுற்று ஓடியதும் கொம்பையனுக்கு வேர்த்துக் கொட்டியது. மூக்குக்குள் எதுவோ பொட்டென்று விட்டது. மூன்று நாளாகப் போகாத காற்று உள்ளே போனது. கூடவே சிறுத்தை வாடையும் போனது.

கண்ணைத் திறந்தான். இலைகள் சரிந்து விழுந்தன. இரண்டு முழத் தூரத்தில் சிறுத்தை உட்கார்ந்திருந்தது.

வாலைத் துப்பிவிட்டு வாசலைப் பார்த்துப் பாய்ந்தான். இலைக்குள் இருந்தது பன்றி என்று சிறுத்தைக்கும் அப்போதுதான் புரிந்தது, அதுவும் பாய்ந்தது. முள் தைத்த காலை வைத்துக்கொண்டு பன்றியை எட்ட முடியவில்லை. ஆனால் பக்கத்திலேயே, சுற்றிய சுற்றில் தலை கிறுகிறுத்துப்போய் நரி உட்கார்ந்திருந்தது. அன்றைக்குச் சிறுத்தை பட்டினி கிடக்கவில்லை. அதற்கு மேல் என்னைக் கேட்காதீர்கள்.

கொம்பையன் ஓட்டத்தை நிறுத்திய இடம் ஓடைக்கரை. "செத்திருப்பேனே, செத்திருப்பேனே," என்று வாய்விட்டு அழுதான். அழுகையில் மூக்கை உறிஞ்சினால், மண்ணுக்கு அடியிலிருந்து வள்ளிக்கிழங்கு வாசனை வந்தது. அழுகையை நிறுத்தாமலே தோண்டித் தின்றான்.

மேலே கிளையில் வந்து உட்கார்ந்த மந்தி, "என்னடா, ஆவி பிடிச்சியா?" என்றாள்.

கொம்பையன் மென்றுகொண்டிருந்ததை விழுங்கினான்.

"அக்கா, ஆவின்னா என்ன?"

"இது என்னடா கேள்வி? வெந்நீர் ஊத்து மேல புகை மாதிரி எழும்புமே, அதுதான். நீ எதைப் போய்ப் பிடிச்சே?"

கொம்பையன் நடந்ததை எல்லாம் சொன்னான். மந்தி சிரித்த சிரிப்பில் கிளையே ஆடியது.

"காலையிலேயே கேட்டுத் தொலைச்சிருக்கலாம்ல?"

"கேட்டா நீ சிரிப்பேன்னு நினைச்சேன்."

"இப்பவும்தான் சிரிக்கிறேன். அதனால செத்தா போயிட்டே?" என்றாள் மந்தி.

நீதி: தெரியாததைக் கேட்டால் நாலு பேர் சிரிப்பார்கள், அவ்வளவுதான், கேட்காமல் போனால் உயிரே போகும்.