ஐந்து எம்பிக்குள் ஒரு பேண்டு செட்

ஏழுபனைக்குடியில் ஒரு பனைகூடக் கிடையாது. ஆனால் ஒரு பேண்டு செட் உண்டு. கிளாரினெட் ஊதும் தலைவர் பொன்னுரங்கம், டிரம் முத்துக்கறுப்பன், ஜால்ரா சடையாண்டி. மூவருக்கும் சிவப்புக் கோட்டு உண்டு. மூளை உண்டா என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

மூன்று வருஷமாக டவுன் தேரோட்டத்துக்கு இவர்களைக் கூப்பிடவில்லை. "இந்தத் தடவையும் கூப்பிடலைன்னா கோட்டைக் கழட்டி ஆணியில மாட்டிடுவேன்" என்று பொன்னுரங்கம் சபதம் போட்டிருந்தார். தேர்க் கமிட்டி அறிவித்தது: விருப்பமுள்ளவர்கள் ஒரு பாட்டைப் பதிவுசெய்து, ஃபைல் அளவு ஐந்து எம்பிக்கு மிகாமல், வெள்ளி மாலை ஐந்து மணிக்குள் மெயிலில் அனுப்ப வேண்டும்.

வெள்ளி மதியம் கம்ப்யூட்டர் மைக் முன்னால் வாசித்து முடித்தார்கள். ஐம்பது எம்பி வந்தது.

திருச்சியில் படிக்கும் மகள் இளவெயினிக்குப் போன் போட்டார் தலைவர்.

"சுருக்கணும்ப்பா. கான்ஸ்டன்ட் பிட்ரேட்னா ஒவ்வொரு நொடிக்கும் ஒரே அளவு இடம். வேரியபிள்னா சத்தம் நிறைய இருக்கிற நொடிக்கு நிறைய, சும்மா இருக்கிற நொடிக்குக் கொஞ்சம். வேரியபிளே போடுங்க."

சடையாண்டிக்கு முகம் சுருங்கிவிட்டது. ஒரு பாட்டுக்கு நாலு தட்டுதான் அவர் பங்கு.

"அண்ணே, கல்யாண வீட்டுல கட்டிக் குடுக்கிற வடையை எப்படிப் பிரிக்கிறோம்?"

"ஆளுக்கு ரெண்டு."

"நாலு தட்டு தட்டினவனுக்கு அரை வடைன்னு என்னைக்காவது சொன்னீங்களா?"

"சொல்லலை."

"தட்டுறதை யாரு வேணா தட்டலாம்ணே. தட்டாம நிக்கிறதுக்குத்தான் பயிற்சி வேணும்."

"அவன் சொல்றது நியாயம் மாமா" என்றார் முத்துக்கறுப்பன்.

நியாயம் வென்றது. கான்ஸ்டன்ட் போட்டார்கள். ஒன்பது எம்பி. கனத்த மனதோடு வேரியபிள் போட்டார்கள். ஆறு எம்பி. மணி நாலு.

மறுபடியும் போன். வடை உட்பட நடந்ததையெல்லாம் மகளிடம் ஒப்பித்தார் தலைவர்.

"நான் முதல்லயே என்ன சொன்னேன்? வடையை வச்சா முடிவு பண்ணுவீங்க? சரி, கேளுங்க. அமைதியான இடம் அதிகமா இருந்தா ஃபைல் தானா சுருங்கும். உங்க பாட்டுல அது கிடையாது. அதனால தரத்தைக் கொஞ்சம்..."

சார்ஜ் தீர்ந்து போன் அணைந்தது.

பொன்னுரங்கம் ஆழமாக யோசித்தார். "ஆக, இடத்தை அடைக்கிறது சத்தம்தான்."

"அதை எடுத்துட்டா?" என்றார் முத்துக்கறுப்பன்.

"பாட்டு மட்டும் மிஞ்சும்."

புதிதாகப் பதிவு ஆரம்பமானது. முத்துக்கறுப்பன் குச்சி தோலில் படாமல் அடித்தார். பொன்னுரங்கம் கன்னம் புடைக்க, காற்று வெளியே வராமல் ஊதினார். சடையாண்டி இரண்டு தட்டையும் ஒரு விரல் இடைவெளியில் நிறுத்தினார்.

பாதியில் தலைவர் கையை உயர்த்தினார். "சடையாண்டி! தாளம் தப்பிட்டே."

"மன்னிச்சுக்குங்கண்ணே."

முதலிலிருந்து வாசித்தார்கள். இம்முறை பிசகே இல்லை. அரை எம்பிகூட வரவில்லை. ஐந்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது மெயில் போனது.

மறுநாள் கமிட்டிச் செயலாளர் கூப்பிட்டார். "பாட்டைப் போட்டோம். ஒரு சத்தமும் வரலையே?"

"அதுக்குத்தான் ஐயா ராப்பகலா உழைச்சோம்" என்றார் பொன்னுரங்கம்.

செயலாளர் பக்கத்தில் யாரிடமோ கலந்து பேசினார். பிறகு, "ஆஸ்பத்திரித் தெருவுல தேர் திரும்பும்போது மேளம் கூடாதுன்னு வருஷாவருஷம் தகராறு. அந்தத் தெரு உங்களுக்கு. வந்துடுங்க" என்றார்.

தேரன்று ஆஸ்பத்திரி வாசலில் சிவப்புக் கோட்டுகள் மின்ன மூவரும் வாசித்தார்கள். கூட்டம் வாயைப் பிளந்து நின்றது. முடித்து வணங்கியதும் மாடி ஜன்னலில் காலில் மாவுக்கட்டோடு இருந்த ஒருவர் கைதட்டி, "ஒன்ஸ் மோர்!" என்று கத்தினார்.

பொன்னுரங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. கிளாரினெட்டை உதட்டில் வைத்தவர், திரும்பி மற்ற இருவரிடமும் கிசுகிசுத்தார்:

"அதே பாட்டுதான். ஆனா இந்தத் தடவை கொஞ்சம் மெதுவா வாசிங்கடா. உள்ளே நோயாளிங்க தூங்குறாங்க."