ஏகம்பர் மனமுவந்து கொடுத்த நிலம்

சேரலாதன் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கிளம்பி, ஆயிரம் வருஷத்துக்கு முந்திய ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் போய்ச் சேர்ந்தான். எப்படிப் போனான் என்றால், பழைய கோயில் சுவரில் இருந்த கல்வெட்டை விரலால் தடவித் தடவிப் படித்துக்கொண்டிருந்தான். விரல் ஓர் எழுத்தின் குழிக்குள் போயிற்று. பின்னாலேயே கை போயிற்று. அப்புறம் ஆளே போய்விட்டான். நம்பாதவர்கள் அந்தச் சுவரைத் தடவிப் பார்க்கலாம். நான் தடவமாட்டேன்.

போய் விழுந்ததும் அதே கோயில் வாசலில்தான். கோயில் அப்போது பாதிதான் எழும்பியிருந்தது. பக்கத்தில் ஒரு மடம். மடத்தில் பிச்சாண்டி அடிகள் என்று ஒரு குரு; வயது நாற்பது. அவருக்கு ஒரே சீடர், ஏகம்பர், வயது அறுபத்திரண்டு. முப்பது வருஷம் கோட்டை வாசலில் காவல் இருந்துவிட்டு, இரண்டு மாதத்துக்கு முன்னால்தான் மடத்துக்கு வந்தவர். வைக்கோல் வண்டி வந்தால் வேலால் குத்திப் பார்த்தே பழகிய கை. மடத்துக் கஞ்சியைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார்.

விழுந்தவனைத் தூக்கி உட்காரவைத்தது அவர்தான்.

"யார் நீ?"

சேரலாதன் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுப்பவன். அந்தக் காலத்துத் தமிழை அவன் கற்றது கல்வெட்டுகளிலிருந்து. ஆகவே எழுந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஸ்வஸ்திஸ்ரீ" என்று தொடங்கி, மன்னன் வென்ற நாடுகளை வரிசையாகச் சொல்லி, ஆட்சியாண்டு எத்தனை என்பதையும் சொல்லி, கடைசியில் "குடிக்கத் தண்ணீர் வேண்டும்" என்று முடித்தான்.

குளத்துக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் குடத்தைப் போட்டுவிட்டு ஓடினார்கள். அந்த ஊரில் இப்படிப் பேசுகிறவர்கள், நிலம் அளக்க வருகிற அரண்மனை ஆட்கள் மட்டும்தான்.

"பேர் என்ன?"

"சேரலாதன்."

ஏகம்பரின் கை இடுப்புக் கத்திக்குப் போயிற்று. "சேர நாட்டானா?"

"இல்லை ஐயா, இதே ஊர்தான். அப்பாவுக்குத் தமிழ்ப்பற்று அதிகம். எனக்குச் சேரலாதன் என்று வைத்தார். அடுத்தவன் வழுதி. கடைக்குட்டி வளவன்."

"சேரனுக்கு ஒருத்தன், பாண்டியனுக்கு ஒருத்தன், நம்ம சோழனுக்கு ஒருத்தன்." ஏகம்பர் அடிகளைத் திரும்பிப் பார்த்தார். "குடும்பமே ஒற்று வேலை பார்க்கிறது, அடிகளே."

அடிகள் தண்ணீர் கொடுத்தார். "எதற்கப்பா வந்தாய்?"

"எங்கள் காலம் கெட்டுப்போய்விட்டது, சாமி. உங்கள் காலம்தான் பொற்காலம். இங்கேயே இருந்துவிடலாம் என்று பார்க்கிறேன்."

"எந்தக் காலம்?" என்றார் ஏகம்பர்.

"இதுதான்."

ஏகம்பர் சுற்றுமுற்றும் ஒரு தடவை பார்த்தார். "சந்தேகமே இல்லை, வெளியூர் ஆள்தான். உள்ளூர்க்காரன் எவனும் இப்படிச் சொல்லமாட்டான். பொழுது சாயக் கோட்டைக் காவலர்கள் இந்தப் பக்கம் வருவார்கள். ஒற்றன் என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். கழுமரம் வாசலிலேயே நட்டிருக்கிறது."

"கழுமரமா? அதெல்லாம் பிற்காலத்தார் கட்டிவிட்ட கதை என்று நான் ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறேன்."

"நேரில் பார்த்துவிட்டுத் திருத்திக்கொள்."

சேரலாதனுக்குக் குடித்த தண்ணீர் புரையேறியது.

ஏகம்பர் அடிகளிடம் குனிந்தார். "அடிகளே, வாசலில் எத்தனையோ பேரைப் பிடித்திருக்கிறேன். இவன் மட்டும் பிடிபடமாட்டேன் என்கிறான். ஒருத்தன் சொல்வது பொய்யா மெய்யா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?"

அடிகள் எழுந்து கோயில் பக்கம் நடந்தார். இரண்டு பேரும் பின்னால் போனார்கள்.

சுவரடியில் கல்தச்சன் சாத்தன், மடியில் ஓலையை வைத்துக்கொண்டு கல்வெட்டு வெட்டிக்கொண்டிருந்தான். பாதி வெட்டியிருந்தான். மிச்சம் வெறுங்கல்.

"இதைப் படி, பார்ப்போம்" என்றார் அடிகள்.

சேரலாதன் படித்தான். வெட்டியிருந்த இடம் முடிந்தது. அவன் நிறுத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டு வெறுங்கல்லையும் படித்தான். "இவ்வூர் ஏகம்பன் தன் நிலம் பன்னிரண்டு மாவும் இறைவனுக்கு மனமுவந்து கொடுத்தான்."

சாத்தன் உளியைக் கீழே வைத்தான். "ஓலையில் இருப்பதை அப்படியே சொல்கிறான், சாமி. நேற்றுத்தான் அரண்மனையிலிருந்து வந்தது. நான் ஒருத்தருக்கும் காட்டவில்லை, இதோ நிற்கிற ஏகம்பருக்குக்கூட."

சேரலாதன் கண்ணைத் திறந்தான். "ஏகம்பரா? அந்த ஏகம்பர் நீங்களா?" நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். "எங்கள் ஊரில் உங்கள் பேரில் ஒரு தெரு இருக்கிறது, ஐயா. ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறது. கொடுத்தால் ஏகம்பர் மாதிரி கொடுக்க வேண்டும் என்று வகுப்பில் சொல்லித்தருகிறேன்."

ஏகம்பர் காலை இழுத்துக்கொண்டார்.

அவர் நிலம் போன கதை அடிகளுக்கு மட்டும்தான் தெரியும். அறுவடைக்கு நாலு நாள் இருந்தபோது அதிகாரி வந்தான். கூட ஆறு வேல்காரர்கள். ஒருத்தன் கழுத்தைப் பிடித்துக்கொள்ள, இன்னொருத்தன் கையைப் பிடித்து ஓலையில் கீறவைத்தான். அன்றைக்கே அவர் மனைவி அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். இவர் மடத்துக்கு வந்துவிட்டார்.

"இவன் அரண்மனை ஆள்தான்" என்றார் ஏகம்பர். "இந்தப் பொய் அங்கே இருக்கிறவனுக்குத்தான் தெரியும்."

"சேரன் ஒற்றன் என்றீரே?"

"அதுவும்தான்."

அடிகள் சேரலாதனைக் கைகொடுத்து எழுப்பினார். "நிலத்தைக் கொடுத்தபோது இவர் அழுதாரா?"

"கல்வெட்டில் அப்படி ஒன்றும் இல்லையே, சாமி."

"அறுவடைக்கு எத்தனை நாள் இருந்தது?"

"அதுவும் இல்லை."

"வேல்காரர்கள் எத்தனை பேர்?"

"வேல்காரர்களா? எங்கே?"

"இவரைச் சுற்றி."

சேரலாதன் அடிகளைப் பார்த்தான். ஏகம்பரைப் பார்த்தான். குனிந்து சுவரை இன்னொரு தடவை முதலிலிருந்து படித்தான். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினான்.

"எனக்குத் தெரியாது, ஐயா" என்றான்.

வைக்கோல் வண்டியைப் பார்ப்பதுபோல ஏகம்பர் அவனை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பொழுது சாய்ந்தது. காவலர்கள் நாலு பேர் வந்தார்கள். முன்னால் வந்தவன், "யார் இது, அண்ணே? கால் ரெண்டுக்கும் இடுப்பு வரைக்கும் தனித்தனியாக உறை மாட்டியிருக்கிறான்?" என்றான்.

"என் அக்கா மகன். புத்தி கொஞ்சம் பிசகு."

"பேர்?"

சேரலாதன் வாயைத் திறந்தான். ஏகம்பர் அவன் காலை மிதித்தார். "நல்லான். பேச்சும் வராது."

"பாவம்" என்று சொல்லிவிட்டு அவர்கள் போய்விட்டார்கள். முப்பது வருஷக் காவல்காரர் சொன்ன பிறகு மேற்கொண்டு கேட்க என்ன இருக்கிறது?

சாத்தன் பந்த வெளிச்சத்தில் மிச்சத்தையும் வெட்டி முடித்தான். கடைசி எழுத்தின் குழியில் தூள் அடங்குவதற்குள் சேரலாதன் அதில் விரலை விட்டான். விரல் போயிற்று, கை போயிற்று, ஆளும் போயாயிற்று. பொற்காலத்தில் அவனால் ஒரு முழு நாள் இருக்க முடியவில்லை.

ஏகம்பர் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அடிகளே, காவலில் இருந்தவரைக்கும் நான் ஒரு பொய் சொன்னதில்லை. இன்றைக்குச் சொல்லிவிட்டேன்."

அடிகள் புது எழுத்துகளில் படிந்திருந்த கல்தூளை ஊதினார்.

"வாயால்தானே சொன்னீர், ஏகம்பரே. காற்றோடு போய்விடும்."