மூங்கில்பள்ளத்து மறைகட்டு

மருதாயிக்கு ஐம்பத்தைந்து வயது. அவளுடைய குரு தொன்னைச் சாமிக்கு அவளைவிடப் பத்து வயது குறைவு. யார் எதைக் கொடுத்தாலும் இலைத் தொன்னையில் வாங்கித்தான் சாப்பிடுவார் என்பதால் அந்தப் பெயர். பேரப்பிள்ளை எடுக்கிற வயதில் மருதாயி அவரிடம் போய்ச் சேர்ந்தது முக்தி கேட்டு அல்ல. மறைகட்டு படிக்க.

அந்த நாட்டு அரசர் படைக்கு ஆள் பிடித்துக்கொண்டிருந்தார். அரண்மனையில் ஒரு மைக்காரர் இருந்தார். வெற்றிலையில் மையைத் தடவி உற்றுப் பார்த்தால் போதும், நாட்டின் எந்த மூலையும் அவருக்குத் தெரியும். வாலிபப் பிள்ளைகள் இருக்கிற ஊராகப் பார்த்து அவர் கை காட்டுவார். படை போய் அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிடும்.

மருதாயிக்கு இரண்டு மகன்கள். இரண்டும் வாசல் நிலை தலையில் இடிக்கிற அளவுக்கு வளர்ந்து நின்றன.

மறைகட்டு போட்ட ஊர் எந்த மையிலும் தெரியாது. எல்லையில் எட்டுத் திக்கிலும் வேப்ப முளை அடிக்க வேண்டும். மஞ்சள் நூலை அதில் சுற்றிக்கொண்டே, வாய் பேசாமல் ஊரை வலம் வர வேண்டும்.

"அந்தப் பேசாம இருக்கிறதுதான் கஷ்டம்" என்றார் சாமி.

"இருபது வருஷம் மாமியாரோட இருந்தவ சாமி நான்."

சொன்னபடியே தன் ஊரான மூங்கில்பள்ளத்தைச் சுற்றி வந்தாள். மனசு கேட்காமல், ஒரு சுற்று நூலுக்கு மூன்று சுற்றாகச் சுற்றினாள். மகன்களையும் பரணில் ஏற்றி உட்கார வைத்துவிட்டாள்.

பத்தாம் நாள் உப்பு விற்கிற பேயாண்டி கழுதையோடு வந்து நின்றான்.

"அக்கா, உங்க ஊருக்கு இருநூறு பேர் கிளம்பிட்டாங்களாம்."

"எங்க ஊருதான் மையில தெரியாதே?"

"தெரியலதான். மலை தெரியுதாம், ஓடை தெரியுதாம், அக்கம்பக்கத்து ஊரெல்லாம் தெரியுதாம். நடுவுல மட்டும் வேட்டியில நெருப்புப் பொறி விழுந்தாப்ல ஒரு ஓட்டையாம். இத்தனை மூடி வெச்சிருக்காங்களே, உள்ளே அப்படி என்ன இருக்குன்னு அரசருக்குச் சோறு இறங்கலையாம்."

மருதாயி சாமியிடம் ஓடினாள்.

"சாமி, இன்னும் எட்டு முளை சேர்த்து அடிச்சிரட்டுமா?"

சாமி எழுந்து கிழக்கு எல்லைக்கு நடந்தார். அங்கே இருந்த முளையைப் பிடுங்கி அவள் கையில் கொடுத்தார். பிறகு அடுத்த முளை. எட்டாவது முளை வருவதற்குள் மருதாயி அழுதுவிட்டாள்.

"இதையெல்லாம் நான் என்ன செய்ய சாமி?"

"அடுப்புக்கு ஆகும்."

"என் பிள்ளைங்க?"

"பரண்ல என்ன பண்றாங்க?"

"ஒருத்தனை ஒருத்தன் உதைச்சிக்கிறானுங்க."

"இறக்கி வேலைக்கு அனுப்புங்கம்மா."

குரு சொல்லைத் தட்ட முடியுமா? அனுப்பினாள். அன்று சாயங்காலம் விளக்கேற்றிக் கும்பிட்டபோது, பாதி பிள்ளைகளுக்கான வேண்டுதல். மீதி, சாமியைப் பற்றிக் கடவுளிடம் புகார்.

ஒரு வாரம் கழித்துப் பேயாண்டி சிரித்துக்கொண்டே வந்தான்.

"படை பாதி வழியில திரும்பிடுச்சு அக்கா. இன்னும் எவ்வளவு தூரம்னு பார்க்க மைக்காரர் மறுபடி வெற்றிலையை எடுத்தாராம். ஓட்டையைக் காணோம். எருமை குளிக்குது, வறட்டி காயுது, ஆளுங்க ஏதோ வேலையாப் போறாங்க, வர்றாங்க. பார்த்துக்கிட்டே இருந்தவர் தூங்கிப்போனாராம். கண்ணுல கோளாறுன்னு அவரை வைத்தியர்கிட்ட அனுப்பிட்டாங்க."

மறுநாள் காலையில் மருதாயி ஒரு தூக்கு நிறையக் கொழுக்கட்டை செய்து எடுத்துக்கொண்டு சாமியிடம் போனாள். சாமி தொன்னையை நீட்டினார்.

"சாமி, ஒண்ணு கேக்கணும். எல்லாம் மையில தெரிஞ்சிருக்கு. என் பிள்ளைங்க மட்டும் எப்படித் தப்பினாங்க? எனக்குத் தெரியாம வேற ஏதாவது கட்டு போட்டீங்களா?"

"வர்ற வழியில யாரைப் பார்த்தீங்கம்மா?"

"யாரையும் பார்க்கலையே."

"ஒருத்தரைக்கூடவா?"

"ரெண்டு புல்லுக்கட்டு எதிரே வந்துச்சு. ஒத்தையடிப் பாதையில தூக்கை இடிச்சுத் தள்ளப் பார்த்துச்சுங்க. எந்த வீட்டுத் தடிமாடுங்கடா நீங்கன்னு திட்டிட்டு வந்தேன்."

"முகத்தைப் பார்க்கலையா?"

"புல்லுக்கட்டுக்கு ஏது சாமி முகம்?"

சாமி ஒரு கொழுக்கட்டையைப் பிட்டு வாயில் போட்டு, நிதானமாக மென்று விழுங்கினார்.

"சித்த முன்னால இங்கே தண்ணி வாங்கிக் குடிச்சிட்டுத்தான் கட்டைத் தூக்கிட்டுப் போனாங்க. உங்க வீட்டுத் தடிமாடுங்கதாம்மா."