கேட்டைத் திறக்க மறந்த பேச்சிமுத்து

ஒரு ஊர்ல ஒரு ரயில்வே கேட்டு இருந்துச்சாம். அத்தை சொல்லச் சொல்ல ம் கொட்டணும், இல்லன்னா நிறுத்திருவேன். ஆங், அப்படி. அந்தக் கேட்டை மூடித் திறக்கப் பேச்சிமுத்துன்னு ஒருத்தர். காலையில ஒரு ரயில், சாயங்காலம் ஒரு ரயில், நடுவுல ஒண்ணுமே கிடையாது. ஆ...வ்னு கொட்டாவி விடுவார், ஈ உள்ள போயிட்டு வெளிய வரும். ஆனா தூங்கக் கூடாது. ஏற்கெனவே ஒரு தடவை தூங்கி மாட்டிக்கிட்டார். இன்னொரு தடவைன்னா வேலை இல்லைன்னு ஆபீசர் சொல்லிட்டார்.

அப்போ மொபெட்ல வந்த எஸ்தர் டீச்சர் சொன்னாங்க, "அண்ணாச்சி, பழைய புஸ்தகமாப் படிங்க. எழுதினவங்க செத்து அறுபது வருஷத்துக்கு மேல ஆச்சுன்னா அது ஊருக்கே பொது. போன்லயே சும்மா கிடைக்கும்."

சும்மாவான்னு அவருக்கு வாயெல்லாம் பல்லு. முதல்ல ஒரு இலக்கணப் புஸ்தகம். ரெண்டே பக்கம், கொர்ர்ர். நல்லவேளை, ஒரு ஆடு முட்டி எழுப்புச்சு. அப்புறம் ஒரு வைத்தியப் புஸ்தகம். படிக்கப் படிக்க அதுல இருந்த நோவெல்லாம் இவருக்கும் வந்துருச்சு. மூட்டுவலி, காதுவலி, கடைசியில பிரசவ வலி. சிரிக்காத, கேளு. மூணாவதா ஒரு துப்பறியும் நாவல். ஜமீன் மாளிகையில வைர அட்டிகையைக் காணோம்.

ம்? முழிச்சுத்தான் இருக்கியா? சாயங்கால ரயிலுக்குக் கேட்டை மூடினார். தடதடதடன்னு ரயில் போயிருச்சு. உடனே திறக்கணும்ல? மனுஷன் நாவலுக்குள்ள இருக்கார். பாம் பாம்னு பஸ்ஸு, டிங் டிங்னு சைக்கிளு, ம்மேன்னு எருமை. "யோவ், திறய்யா"ன்னு பஸ் டிரைவர் இறங்கி வந்தார்.

"இருங்கண்ணே, சமையக்காரன் மேல சந்தேகமா இருக்கு."

"எந்தச் சமையக்காரன்?"

அவ்ளோதான். சத்தமா வாசிக்கச் சொல்லி பஸ்ஸு மொத்தமும் இறங்கி சுத்தி உக்காந்துருச்சு.

அப்போ கிர்ர்ர்னு தண்டவாளத்துல டிராலி. பார்த்தா, ஆபீசர். பேச்சிமுத்து ஓடிப் போய் முன்னால நின்னார். "ஐயா, தூங்கலய்யா, வேலையை மட்டும் எடுத்துராதீங்க"ன்னு அழுதுட்டார். ஆபீசர் போனை வாங்கிப் பார்த்தார். மீசைக்குள்ள சிரிச்சார். "இதை நான் படிச்சாச்சு. இப்பவே கேட்டைத் திறக்கலன்னா திருடன் யாருன்னு சொல்லிருவேன்."

ஐயோ வேண்டாம்னு மொத்தக் கூட்டமும் காதைப் பொத்திக்கிட்டு பஸ்ஸுக்கு ஓடுச்சு. சர்ர்ருனு கேட்டு மேல போயிருச்சு. "இனிமே ஒரு நிமிஷம் லேட்டானாலும் மெமோ கிடையாது, முடிவைச் சொல்லிட்டுப் போயிருவேன்"னு ஆபீசர் டிராலியில ஏறிட்டார். அன்னையிலேருந்து அந்த லைன்லயே நேரத்துக்குத் திறக்கிற கேட்டு அதுதான்.

என்ன, திருடன் யாரா? கதை ஆச்சு கண்ணு. நீ தூங்குறியா, இல்ல நான் சொல்லிரவா?