துண்டு முடிச்சும் மூவர் குழுவும்

புளிச்சிப்பட்டிக்காரர்கள் மூளையைச் செலவழிக்காமல் சேர்த்துவைப்பவர்கள். அதிலும் நிறையச் சேர்த்திருந்த சேவுகன், கொப்பையா, ராக்கப்பன் மூவரையும்தான் மரகதம் டீச்சர் குழுவாகப் போட்டார். பள்ளி ஆண்டுவிழாவுக்கு ஒரு சிரிப்புப் படம் வந்திருந்தது. பெரியவர்களுக்கு எடுத்த படம். பிள்ளைகளுக்குக் காட்டலாமா என்று குழு சொல்ல வேண்டும்.

"பிள்ளைகளா இருந்து பாருங்க. சாயங்காலம் ஆறு மணிக்குப் பென்டிரைவைக் குடுத்திரணும்," என்று சொல்லிவிட்டு டீச்சர் போய்விட்டார்.

சேவுகனுக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டில் பெண்டாட்டி வள்ளிமயில் அவனை டீவி பக்கமே விடுவதில்லை. இந்தப் படத்தின் கடைசிக் காட்சியைச் சொல்ல வந்த அவன் மச்சான், சொல்ல முடியாமல் சிரித்துச் சிரித்து ஊருக்கே திரும்பிப் போய்விட்டான். அதைப் பார்க்காவிட்டால் தன் கட்டை வேகாது என்றிருந்தான் சேவுகன்.

நூலக டீவி முன்னால் மூவரும் சம்மணம் போட்டு, வாயில் விரல் வைத்து உட்கார்ந்தார்கள். பிள்ளைகள் அல்லவா?

மூன்றாவது நிமிஷம் கதாநாயகன் குளிக்கப் போனான். இடுப்புத் துண்டின் முடிச்சில் கை வைத்தான்.

"இது பிள்ளைக பாக்கக் கூடாதது," என்றான் கொப்பையா. "கண்ண மூடிக்குவோமா?"

"பிள்ளைக என்னைக்குடா தானா மூடியிருக்கு? அடுத்தவங்கதான் பொத்தணும்," என்றான் ராக்கப்பன்.

நியாயமான பேச்சு. சேவுகன் கொப்பையாவின் கண்ணைப் பொத்தினான், கொப்பையா ராக்கப்பனுடையதை, ராக்கப்பன் சேவுகனுடையதை. டீவியில் பாத்திரம் உருண்டது, ஆடு கத்தியது, யாரோ கிணற்றில் விழுந்தார்கள்.

"காட்சி போயிருச்சாடா?" என்றான் சேவுகன்.

"என் கண்ணைப் பொத்திக்கிட்டு என்னையே கேளு," என்றான் கொப்பையா.

இரண்டு மணி நேரம் கழித்து டீவி ஓய்ந்தது. படம் முடிந்திருந்தது. சேவுகன் தேம்பித் தேம்பி அழுதான். சின்னப் பிள்ளைதானே என்று மற்ற இருவரும் முதுகைத் தட்டிக்கொடுத்தார்கள்.

ராக்கப்பன் யோசித்தான். "நாம பொத்துனோம், படம் பாட்டுக்கு ஓடிருச்சு. இந்தத் தடவ அந்தக் காட்சி வந்ததும் படத்த நிறுத்திருவோம். காட்சி போனப்பறம் ஓட விடுவோம். ஒண்ணும் வீணாகாது."

சேவுகன் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

மறுபடி முதலிலிருந்து. துண்டு முடிச்சில் கை விழுந்ததும் ராக்கப்பன் ரிமோட்டை அமுக்கினான். மூவரும் பொத்திக்கொண்டு காத்திருந்தார்கள். கால் மணிக்கு ஒரு தடவை, குழுவின் அனுமதியோடு, ராக்கப்பன் ஒரு விரலை மட்டும் விலக்க, சேவுகன் எட்டிப் பார்த்தான்.

"போயிட்டானா?"

"இல்ல. நிக்கிறான்."

"இன்னுமா?"

"முடிச்சு இறுகிருச்சு போல."

ஆறு மணிக்கு டீச்சர் வந்தார். "என்னப்பா, பிள்ளைகளுக்குக் காட்டலாமா?"

சேவுகன் கையைக் கட்டிக்கொண்டு எழுந்து நின்றான்.

"பென்டிரைவை நாளைக்குத் தாறோம் டீச்சர். அந்தத் தம்பி இன்னும் தலையில தண்ணியே ஊத்தல."