மந்திரி தலையில் ஒரு தீக்கோடு

முன்னொரு காலத்திலே, மலையடிவாரத்தில் வேங்கைநாடு என்று ஒரு சின்ன சீமை. அதை ஆண்டவர் இளவரையர் என்கிற ராஜா. நல்ல மனுஷர்தான். கோபம் வந்தால் மட்டும் காது அடைத்துப்போகும்!

அந்த மலையில் பனிச்சுனை என்று ஓர் ஊற்று. சின்ன வயதில் அம்மாவோடு போய் அதில் அள்ளிக் குடித்த ருசியை ராஜா மறக்கவே இல்லை. வருஷா வருஷம் மழை ஓய்ந்ததும் மலைவாசிகள் மூங்கில் குழாயில் சுனைநீர் கொண்டுவருவார்கள். ராஜா கண்ணை மூடிக்கொண்டு குடிப்பார். அன்றைக்கு யார் எதைக் கேட்டாலும் கிடைக்கும். அதெல்லாம் ஒரு காலம், போங்கள்!

ஒரு கோடையில் காடு பற்றிக்கொண்டது. தளவாய் ரணதீரர் படையோடு ஏறி, தீ தாண்டாதபடி உச்சியிலிருந்து சுனை வரைக்கும் மரம், புல், வேர் அத்தனையும் சுரண்டி எறிந்து, தேர் ஓடும் அகலத்துக்கு ஒரு கோடு வெட்டினார். தீ நின்றது. தளவாய்க்குத் தங்கக் கங்கணம் கிடைத்தது. வெட்டிய கோடு அப்படியே கிடந்தது; அதை மூட யாருக்கும் தோன்றவில்லை.

மழை ஓய்ந்தது. மூங்கில் குழாயில் வந்ததோ செம்மண் குழம்பு! ஒரு வாய் குடித்த ராஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"மலைவாசிகள் சுனையில் மாடு குளிப்பாட்டுகிறார்கள், மகாராஜா. மந்திரி கொடுக்கிற செல்லம்!" என்றார் தளவாய். மந்திரி அம்பலவாணர் மேல் அவருக்கு வெகுநாள் வயிற்றெரிச்சல்.

"நாளைச் சாயங்காலத்துக்குள் அத்தனை பேரும் மலையைக் காலி செய்யவேண்டும்!" என்று கத்தினார் ராஜா.

"மகாராஜா, ஒரு வார்த்தை..."

"பேசாதீர், மந்திரி!"

மறுநாள் காலை மந்திரி சபைக்கு வந்தார் பாருங்கள், கூட்டமே கொல்லென்று சிரித்தது! அடர்ந்த முடிக்குப் பேர்போனவர் தலை முழுக்கச் செம்மண்ணை அப்பியிருந்தார். உச்சியிலிருந்து நெற்றிவரை நட்டநடுவே முடியை மழித்து ஒரு கோடு.

"என்ன ஓய் இது கோலம்?" என்றார் ராஜா.

"பேன் தொல்லை, மகாராஜா. இந்தப் பக்கத்துப் பேன் அந்தப் பக்கம் தாண்டாமலிருக்கத் தளவாய் முறைப்படி கோடு வெட்டினேன்."

தளவாய்தான் எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தார்.

"தங்கள் கையால் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுங்கள்," என்று குனிந்தார் மந்திரி. ராஜா ஊற்றினார். முடி இருந்த பக்கங்களில் தண்ணீர் தயங்கித் தயங்கிச் சொட்டியது. கோட்டில் மட்டும் மண்ணை வாரிக்கொண்டு மூக்கின்மேல் வழிந்து கொட்டியது. அதைக் கிண்ணத்தில் பிடித்து நீட்டினார் மந்திரி.

"குடித்துப் பாருங்கள். நேற்றைய ருசிதானா?"

தளவாய் மெல்லத் தன் கங்கணத்தைத் துணியால் மூடிக்கொண்டார்.

"கோடு தீயை நிறுத்தியது நிஜம், மகாராஜா. ஆனால் தீ அணைந்ததும் குறுக்கே கல்லும் கிளையும் போட்டு மூடியிருக்க வேண்டாமா? யார் செய்த வேலைக்கு யாரை விரட்டுகிறோம்?"

ராஜா உடனே மலையேறினார். கோடு இருந்த இடத்தில் மழைத்தண்ணீர் ஆள் உயரத்துக்குப் பள்ளம் பறித்திருந்தது. "என் அம்மா உட்கார்ந்த பாறையைக்கூடக் காணோமே!" என்று விம்மினார். மலைவாசிகளிடம் மன்னிப்புக் கேட்டார். மந்திரிக்குத் தன் முத்துமாலையைப் போட்டார். கங்கணத்தைக் கழற்றி வாங்கிக்கொண்டு, "இந்த மலைவாசிகள் சொல்கிறபடி பள்ளத்தை மூடிவிட்டு மலையிலிருந்து இறங்கும்," என்றார் தளவாயிடம்.

மந்திரிக்குப் பொங்கலுக்குள் முடி வளர்ந்துவிட்டது. மலைக்கு அப்படியா? ராஜாவுக்குத் தலை நரைத்த பிறகுதான் குழாயில் தெளிந்த நீர் வந்தது. கொண்டுவந்தவர் ரணதீரர், கையெல்லாம் காய்ப்பு.

ராஜா கண்ணை மூடிக் குடித்தார். "தெளிந்துவிட்டது, தளவாயாரே. ஆனால் அம்மாவோடு குடித்த ருசி இன்னும் வரவில்லையே."

"தெரியும், மகாராஜா. பள்ளத்தை மூடியபின் நட்ட மரமெல்லாம் இப்போதுதான் என் தோளுக்கு வந்திருக்கிறது," என்றார் ரணதீரர். காலிக் குழாயை வாங்கிக்கொண்டு மறுபடி மலையேறப் போய்விட்டார்.